கெண்டியில் இருந்தது

பெங்களூரிலிருந்து வரவேண்டிய பேரிங் வரவில்லை.
மாங்கூழ் ஆலையில் மெஷின் வாய் பிளந்து கிடந்தது.
முதலாளி மூன்று ஐந்நூறு தாள்களை என் கையில் திணித்து,
“சர்தாருக்கு ஊரைச் சுத்திக் காட்டு சென்னப்பா,
மத்தியானம் நல்லபடியா கவனி” என்றார்.
நல்லபடியா என்பதற்கு எங்கள் ஆலையில்
ஒரே பொருள்தான்.

குர்மேஜ் சிங் லூதியானாவிலிருந்து மெஷினோடு வந்தவர்.
அவருக்குத் தமிழ் ‘போதும்’ வரைக்கும்,
எனக்கு இந்தி ‘டீக் ஹை’ வரைக்கும்.
இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்
கிருஷ்ணகிரி முழுவதையும் வைத்துக் காட்டவேண்டும்.

கோட்டை மலை ஏறினோம்.
பதினோரு வருஷமாக அடிவாரத்தில் டீ குடிக்கிறேன்,
ஏறியதில்லை.
அதைச் சொல்லாமல் முன்னால் நடந்து
ஒரு முள்புதருக்குள் போய் நின்றேன்.
ஆட்டுக்காரப் பையன் சிரிக்காமல் கை காட்டினான்.
யார் கட்டியது என்று கேட்டார்.
ராஜா என்றேன்.
எந்த ராஜா?
டீக் ஹை என்றேன்.

உச்சியில் காற்று என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது.
அவர் தலைப்பாகை அசையவில்லை.
தர்காவில் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார், நானும்.
கீழே அணைத் தண்ணீர், மாந்தோப்புகள்,
பாதி வெட்டித் தின்ற கல்மலைகள்,
அவற்றுக்கு நடுவே லாரி லாரியாக நாற்பத்துநாலாம் நம்பர் ரோடு.
அதைக் காட்டினார்.
வெறும் காற்றில் ஒரு கதவைத் திறப்பதுபோல் கையை இழுத்தார்.
மறுபடி ரோட்டைக் காட்டினார்.
எனக்குப் புரிய நேரமாயிற்று:
அவர் வீட்டு வாசலிலும் இதே ரோடுதான்.
நான் அதில்
அந்தப் பக்கம் சேலம் வரை போயிருக்கிறேன்,
இந்தப் பக்கம் ஓசூர்.

மியூசியத்தில் மின்விசிறி மட்டும் விழித்திருந்தது.
நடுகல்லில் ஒருவன் வில்லோடு, உடம்பெல்லாம் அம்பு.
காலடியில் சின்னச் சின்ன மாடுகள்.
இரண்டு விரலைக் கொம்பாக்கி,
பிறகு நாணை இழுத்து,
பிறகு நாக்கைத் தள்ளி
அவன் கதையை நடித்துக் காட்டினேன்.
எத்தனை மாடு என்று விரல்களை மடக்கிக் கேட்டார்.
கல்லில் அது எழுதியிருக்கவில்லை.
செத்தவனுக்குப் பக்கத்தில் ஒரு கெண்டி.
இதில் என்ன என்றார்.
கட்டைவிரலை வாயில் கவிழ்த்தேன்.

பாரில் ஏசி அறை. நட்டநடுப்பகலில் நீல விளக்கு.
அணை மீன் வறுவல், இரண்டு பீர்.
ஊற்றுவதற்கு முன்பே
கிளாஸின் வாயைக் கையால் மூடி
‘போதும்’ என்றார்.
சர்தார் பாட்டில் கணக்கில் ஊத்துவார் என்று
பாதி ஆலைக்கு நான் சொல்லி வைத்திருந்தேன்.
“லஸ்ஸி?”
பார் பையன் மாதேஷ், எங்கோ தீ என்பதுபோல் ஓடி
பெட்டிக்கடையிலிருந்து இரண்டு மோர் பாக்கெட்டோடு வந்தான்.
முனையைக் கடித்து பீர் கிளாஸில் ஊற்றினான்.
பக்கத்து மேஜைகள் பேச்சை நிறுத்தின.

ஐந்து துண்டு மீனுக்குப் பிறகு
ஈர மேஜையில் விரலால் ஒரு கெண்டி வரைந்தார்.
பக்கத்தில் இரண்டு கொம்பு.
பிறகு மோர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.
மாட்டை மீட்டவனுக்கு வேறென்ன வைத்திருப்பார்கள்?

இல்லை இல்லை, கள்தான் என்றேன்.
அவர் பஞ்சாபியில் ஏதோ அடித்துப் பேசினார்.
நான் தமிழில் திருப்பி அடித்தேன்.
“ரெண்டும் வெச்சிருப்பாங்க சார்,
யாரு கண்டா” என்றான் மாதேஷ்.
இரண்டு பீரையும் நானே குடித்தேன்.

நாலு மணிக்கு பேரிங் வந்தது. ஏழுக்கு மெஷின் ஓடியது.
மறுநாள் மீதிச் சில்லறையோடு பில்லைக் கொடுத்தேன்.
மீன், பீர் எல்லாம் தாண்டி
கடைசி வரியில் பேனாவால் எழுதியிருந்த ‘மோர் 2’ஐ
முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.