ஊதாவுக்கு அடியில்

சாலைத்துறைக் கொட்டகையில், தார் வாளிகளுக்குப் பின்னால்,
தகரக் குழாய்க்குள் கிடந்தது
டெல்ஃபர் கவுன்டியின் தென்கிழக்குத் தாள்.
ஐம்பத்துநான்கில் வரைந்தது, எழுபத்தெட்டில் திருத்தியது.
விரித்தால் மறுபடி சுருண்டுகொள்ளும்.
நான்கு மூலையிலும் நான்கு ஸ்பானர் வைத்தேன்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
இதை வைத்து மூன்று வேலித் தகராறு தீர்த்தாராம்.

பழுப்பு என்றால் மேடு. நீலம், நீர்.
பச்சை, ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு மரம்.
கறுப்புச் சதுரம்: உள்ளே யாரோ சமைக்கிறார்கள்.
சதுரத்தின் தலையில் சிலுவை நின்றால் தேவாலயம்,
கொடி பறந்தால் பள்ளிக்கூடம்.
எல்லாமே கடுகை விடச் சிறிசு.

இதன்மேல்தான் பிறகு வந்தவர்கள்
ஊதா மை ஊற்றியிருக்கிறார்கள். ஏரி.
ஓரத்தில் 'திருத்தம்' என்று இருந்தது.
ஓர் அணைக்கும் முப்பத்தொரு குடும்பத்துக்கும் சேர்த்து
அந்த ஒரு சொல்.

பழைய கோடுகளை அழிக்கச் செலவாகும் என்று
அப்படியே விட்டுவிட்டார்கள் போல.
ஏரிக்கு அடியிலும் சம உயரக் கோடுகள்
வளைந்து நெளிந்து போகின்றன,
தண்ணீர் வந்த சேதி எட்டாதவை மாதிரி.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் மழை இல்லை.
செப்டம்பரிலும் இல்லை.
அணைக்காரர்கள் பலகையில் சாக்பீஸால் எழுதினார்கள்:
731 அடி.
நான் தாளில் 740-ஐத் தேடி
அந்தப் பழுப்புக் கோட்டின்மேல் விரல் ஓட்டினேன்.
கால் மைல் சாலை வெளியே வந்திருக்கும்.
ஒரு பாலம்.
ஸ்டாம்பர் ஓடைக்கு வலப்பக்கம், ஒரே ஒரு சதுரம்.
ஏட்டுச் சுரைக்காய்தான்;
கொடி எங்கே ஓடியது என்றாவது சொல்லாதா?
வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே வண்டியை எடுத்தேன்.
பதிவேட்டில் 'மதகு சோதனை' என்று எழுதினேன்.

சாலை இருந்தது. வெடித்த சேறு, அதில் மட்டிச் சிப்பிகள்.
பாலத்தின் கம்பியெல்லாம்
பத்து வருஷத்துத் தூண்டில் நரம்பு சிக்கிக் கிடந்தது.
சதுரம் இருக்க வேண்டிய இடத்தில்
நீளமாய், ஒடுக்கமாய் ஒரு கல் வரிசை.
அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றிருந்தாள்.
ஆஸ்பத்திரிச் சமையலறைச் சீருடை, ரப்பர் பூட்ஸ்.
பெயர் வெல்டா ப்ராஷியர் என்றாள்.

தாளை நீட்டி, "இதுதானே உங்கள் வீடு?" என்றேன்.
கிட்டே பிடித்துப் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள் பாருங்கள்,
எதிர்க்கரை நாரை எழுந்து போய்விட்டது.

"ஐயோ, இது கோழிக்கொட்டில்!
அந்த வருஷம்தான் புதுத் தகரம் போட்டோம்.
விமானத்தில் படமெடுத்தவனுக்குப் பளபளத்திருக்கும்.
நாங்கள் ஏழு பேர் இருந்த வீடு
சிக்கமோர் மரத்துக்குக் கீழே.
ஜூன் மாதம். இலை."

சரிபார்க்க ஒருவன் ஜீப்பில் வந்தானாம்.
அன்றைக்கு ஓடையில் வெள்ளம்.
அக்கரையில் நின்று கை காட்டினானாம்.
அப்பாவும் கை காட்டினாராம்.
அவன் ஏதோ எழுதிக்கொண்டு திரும்பினானாம்.

அரசாங்கத்தின் கணக்கில் அங்கே வாழ்ந்தவை
நாற்பது ரோட் ஐலண்ட் சிவப்புக் கோழிகள்.
அவற்றுக்குக் கடல்மட்டத்திலிருந்து உயரம்கூட உண்டு.

பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை.
சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டு
ஊதாவில் ஓரிடத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள்.
நகம் வெளுக்கும் வரை அழுத்தினாள்.
ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று
வந்த சாலையிலேயே ஏறிப் போனாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது.
பலகையில் 745.

தாளை எடுக்கிறபோதெல்லாம் இப்போது
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறேன்.
நேராகப் பார்த்தால் வெறும் ஏரி.
சாய்த்தால், கோழிக்கொட்டிலுக்கு மேற்கே
நூலளவு தள்ளி
ஒரு நிழல் விழுகிறது.