பாதிப் பசி

விடால் தெருவில் மூடிக் கிடந்த பெற்றோல் செட்டின்
கொங்கிரீட்டை உடைத்து
நாலு மீற்றர் கீழே குழாய் இறக்கினான் வெண்டல்.
மண்ணுக்கு முதல் நாற்றம் ஏறி வந்தது.
ஆரோ எப்போதோ
கவனியாமல் விட்ட தாங்கியின் கசிவு.

போத்தலில் அள்ளி எழுதினேன்:
சார்ணியா, மாசி, துளை ஏழு.
விரல் விறைத்ததில்
ஏழு ஒன்று மாதிரி விழுந்தது.

பென்சீன் என்பது
ஆறு காபன் கைகோத்து நிற்கும் வட்டம்.
ஒருவரும் கையை விடமாட்டினம்.
அந்த ஒற்றுமையைத்தான்
நாங்கள் நஞ்சு என்கிறோம்.

இந்த மண்ணில் இருப்பதற்கு
கண் இல்லை, பல் இல்லை.
வட்டத்துக்கு வெளியே நின்று
இரண்டு ஒட்சிசனை உள்ளே நீட்டுகிறது,
கலியாண வீட்டில் தட்டம் நீட்டுகிற பணிவோடு.
வாங்கிக்கொண்ட இரண்டு கைக்கும் நடுவில்
வெட்டு.

வட்டம் கோடாகிறது.
இரண்டு முனையிலும் புளிப்பு.

மியூக்கோனிக் அமிலம்.
ஐதரசன் ஏற்றினால் அடிப்பிக்,
அடிப்பிக்கில் இருந்து நைலோன்,
நைலோனில் இருந்து
வாசலில் தொங்கும் என் குளிர் ஜக்கெற்.

ஆனால் அதுக்கு ஜக்கெற் வேண்டாம்.
பசி.
அமிலம் அதன் வழியில் ஒரு படி,
மிதித்து ஏறிவிட்டால்
மிச்சம் மூச்சும் தண்ணீரும்.

ஆகவே ஒலேனா
அடுத்த படிக்கான மரபணுவை நறுக்கி எடுத்தாள்.
இப்போது அவள் வளர்க்கும் கூட்டம்
வட்டத்தை உடைக்கும், புளிப்பைக் குவிக்கும்,
குவித்ததைத் தின்னத் தெரியாது.
உயிர் பிடிக்க
மணிக்கொரு சொட்டு குளுக்கோஸ் விடுகிறோம்.
இரவு வேலைக்காரியான எனக்கு
அந்தக் கணக்கு விளங்கும்.

இரண்டு மணி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஆற்றங்கரை ஆலையின் சுவாலை
யன்னல் பனியில் மஞ்சளாய் அசைகிறது.
குடுவைகள் முப்பது பாகையில் குலுங்குகின்றன.
புளிப்பு ஏற ஏறக் காரம் விடுகிறேன்.

குலுக்கியின் கடைசித் தட்டில்
ஒன்று போலத் தெரியும் ஏழாம் போத்தல்,
ஒருவரும் நறுக்காத காட்டுக் கூட்டம்,
ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்தது.
விடிய அளந்தேன்.
பென்சீன் இல்லை.
அமிலமும் இல்லை.
முழுக்கத் தின்று முடித்திருக்கிறது.

விளைச்சல் என்ற கட்டத்தில் சைபர் எழுதினேன்.
“பிரயோசனமில்லை, கழுவி வை” என்றாள் ஒலேனா.

மணந்து பார்க்கக் கூடாது என்பது சட்டம்.
மூடியைத் திறந்து மணந்தேன்.
வெறும் மண்.

கழுவவில்லை.
பேனையால்
அந்த ஏழுக்கு ஒரு குறுக்குக் கோடு மட்டும் போட்டேன்,
இனி ஒருவரும் ஒன்றென்று வாசிக்காமல்.