அடைப்புக்குறிக்குள்

ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
நிமிடத்துக்கு ஏழு வெள்ளி எனக்கு.
வகுத்தால் இருநூற்று நாற்பத்து மூன்று நிமிடம்,
அதாவது ஒன்றே முக்கால் படம்.
பாட்டுக்குக் காசு தரமாட்டார்கள்.
அதை இன்னும் கழிக்கவில்லை.

காது கேளாதவர்களுக்காகத்
திரையின் அடியில் சத்தங்களை எழுதுகிறேன்.
[தூரத்தில் நாய் குரைக்கிறது]
[குக்கர், மூன்றாவது விசில்]
[அவள் பதில் சொல்லவில்லை]
கடைசி வரியை விமலேசன் அடித்துவிடுவார்.
இல்லாத சத்தத்துக்கு எதற்கு எழுத்து என்பார்.

செந்தூலில் பதினோராம் மாடி.
எதிரே இன்னொரு கோபுரம் எழும்புகிறது.
காலை எட்டுக்கு ஆரம்பித்து
இரும்புத் தூணை என் மண்டை வழியாகத்தான்
பூமிக்குள் இறக்குகிறார்கள்.
மேல்வீட்டில் வேறு கோலி உருளும்.
ஒருநாள் படியேறிக் கேட்டே விட்டேன்.
நோர் அஸ்லினா கதவைத் திறந்து
எங்களுக்குப் பிள்ளையே இல்லையே என்றாள்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு
எங்களுக்கு மேலேயும் உருளுது என்றாள்.

போன வாரம் ஒரு தாழ்ப்பாளைத் தவறவிட்டேன்.
கொலைகாரன் உள்ளே வந்ததே
அந்த ஒரு சத்தத்தில்தான்.
ஈப்போவிலிருந்து யாரோ எழுதியிருந்தார்:
‘அவன் எப்படி வந்தான் என்றே தெரியவில்லை.’
விமலேசன் அதை அப்படியே அனுப்பிவைத்தார்,
ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல்.

அதனால்தான் லோ யாட் வரைக்கும் போனது.
சட்டையில் ஜியா ஹாவ் என்று பெயர் குத்தியிருந்த பையன்
என் காதுகளை மூடினான்.
மூடினான் என்பது சரியில்லை.
கட்டடத்தை யாரோ
அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.
எதிர்க்கடைக் கூவல், ஏர்கான்,
ஏர்கானுக்கு அடியில் இன்னொன்று,
இருந்தது என்றே அதுவரை தெரியாத ஒன்று,
எல்லாம் போயின.
எத்தனை வருஷமாகத் தூக்கியே வைத்திருந்தேனோ,
தோள் இரண்டும் இறங்கின.
அழுதுவிடுவேனோ என்று
விலைச்சீட்டைப் பார்த்தேன்.
நின்றுவிட்டது.

அவன் வாய் அசைந்தது.
அசைந்துகொண்டே இருந்தது.
தவணையா, உத்தரவாதமா,
உடம்புக்கு என்ன என்று கேட்கிறானா?
அவன் முகவாய்க்குக் கீழே
பார்த்துக்கொண்டு நின்றேன்,
எழுத்து வரும் என்று.

கழற்றினேன்.
எல்லாம் ஒரே கொட்டாக வந்து விழுந்தது.
‘பன்னிரண்டு மாசம், வட்டி இல்லை, ஆன்ட்டி.’
ஆன்ட்டி.
அது மட்டும் கேட்காமலே இருந்திருக்கலாம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்,
வாங்காதவர்கள் சொல்லும் அதே குரலில்.

மோனோரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்
காதில் ஒன்றும் மாட்டாமல்
பெட்டிக்கே ராசிபலன் வைத்தார்.
எரிச்சலோடு கேட்டுக்கொண்டு வந்தேன்.
கன்னிக்குப் பணவரவு.
துலாம் வருவதற்குள்
தித்திவங்சா வந்துவிட்டது.

இரவு ஒன்றரை.
தூண் அடிப்பவர்கள் தூங்கப் போயிருந்தார்கள்.
இடது காது மட்டும் பேசும் பழைய ஹெட்போனை
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி
அந்தக் காட்சியை ஒன்பது தடவை ஓட்டினேன்.
மழைக்கும் மின்விசிறிக்கும் நடுவில்
நகத்தால் சுரண்டியது போல ஒன்று.
[தாழ்ப்பாள் விலகுகிறது]

மேலே என்னவோ உருண்டு
சுவரோரம் போய் நின்றது.

திருத்தத்துக்குக் காசு கிடையாது.
இன்னும் இருநூற்று நாற்பத்து மூன்று.