மூன்றா எட்டா

ஹௌகெசுண்டில் இரவு இரண்டு மணி.
என் நாற்காலியிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி
முந்நூற்று நாற்பது மீட்டர் ஆழத்தில்
இருக்கின்றன என் கைகள்.
ஒன்று பிடிக்கும். ஒன்று திருகும்.

அங்கே கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது.
வழியில் யாரோ அதை மடிக்கிறார்கள்,
நாலாக, எட்டாக, பதினாறாக,
சட்டைப்பைக்குள் போகிற அளவுக்கு.
நான் பிரிக்கும்போது
மடிப்புகள் மட்டும் துல்லியம்.

கடலுக்கு அடியிலும் பனி பெய்யும்.
செத்த நுண்ணுயிர், மீன் கழிவு, பெயரில்லாத தூசி,
ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.
மிதக்கும் வண்டியின் ஆட்டம் வேறு.
அசைவதற்கெல்லாம் கணக்கு எழுதியாக வேண்டும் சுருக்கிக்கு.
பெய்கிற குப்பைக்கே
மாதச் சம்பளம் முழுதும் போய்
வால்வுக்கு மிஞ்சுவது
நாலு மஞ்சள் கட்டம்.

அதற்குள் ஓர் எண்.
மூன்றா எட்டா.
மூன்றைத் திருகினால் குழாய் மூடும்.
எட்டைப் பற்றி
கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

"தெரியுதா, தூருன்?"
கப்பலிலிருந்து ஹால்வார்.
நேற்றும் தெரிந்தது. நேற்று அது மூன்று.
நேற்று நான் தேடிப்போனது மூன்றை.

"மணிக்கு எவ்வளவு வாடகை தெரியுமா இந்தக் கப்பலுக்கு?"
தெரியும்.
அது ஒன்றுதான் கட்டம் கட்டமாக இல்லாமல் தெரிகிறது.

உந்திகளை நிறுத்தினேன்.
வண்டி சேற்றில் குந்தியது.
எழுந்த புழுதியில் திரை முழுக்க
சாம்பல் சதுரங்கள் ஒன்றையொன்று தின்றன.
ஒன்பது நிமிடம்
கைகளை மடியில் வைத்திருந்தேன், நிஜக் கைகளை.

அடங்க அடங்க
வேலையற்றுப்போன சுருக்கி
பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தது:
ஒரு போல்ட்டின் விளிம்பு,
துருவின் நிறம்,
துரு மேல் உட்கார்ந்திருந்த ஒரு கடல் சாமந்தி,
அது பாதி மறைத்த எண்.

ஐந்து.

அந்தப் பலகையே வேறு.
ஹால்வார் பேசவில்லை.
இணைப்பின் தாமதம் அரை நொடி, எனக்குத் தெரியும்.
இது அதைவிட நீளம்.

காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் பனி,
ஒவ்வொரு துகளும் முழுசாக,
எதையும் மிச்சம் பிடிக்காமல்.
கண் கூசியது.

வீட்டில் ஸ்வேரே காபியை நீட்டுகிறான்.
பாதி தூரம் போன என் கை நிற்கிறது,
போய்ச் சேர்ந்த படம் வரட்டுமென்று.

"வாங்கிக்கோ," என்கிறான்,
"நான் இங்கேதான் இருக்கேன்."