வெளிவிலாசம்

பிப்ரவரி. ஹீயுமா தீவு.
தேனீப் பெட்டிக்குள் ஒரு மைக் வைத்திருக்கிறேன்.
உள்ளே அவை ஒரே கொத்தாகி,
பறக்காமல், நடுங்கியே சூடு செய்கின்றன.
தார்த்துவில் இரவுப்பணி பார்க்கும் தங்கை மைமு
அந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்றாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.

ரவுட்டரில் எழுதினேன்:
எட்டாயிரத்து நானூற்று நாற்பத்து மூன்றாம் போர்ட்டில்
யார் தட்டினாலும்
பரணில் இருக்கும் சின்னக் கணினியிடம் அனுப்பு.
பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டியது.
“இப்போது?”
“சுற்றிக்கொண்டே இருக்கிறது, தைவோ.”

மறுநாள் தெரிந்தது.
மின்சாரம் போய்வந்த இரவில்
கணினிக்கு வேறு எண் விழுந்திருக்கிறது.
முப்பத்தேழு இப்போது பிரிண்டருடையது.
மூன்று மணி நேரம் என் தங்கை
மை தீர்ந்த பிரிண்டரின் கதவைத் தட்டியிருக்கிறாள்.

முப்பத்தேழைக் கணினியின் பெயருக்கே எழுதிவைத்தேன்.
ஃபயர்வாலில் ஒரு துளை.
வீட்டுக்குள்ளிருந்து சோதித்தால் நம்ப முடியாது என்று
கைபேசியில் வைஃபையை அணைத்து
முழங்கால் பனியில், வேலிக்கு வெளியே நின்று தட்டினேன்.
என் வீடுதான். சமையலறை விளக்கு எரிகிறது.
பதில் இல்லை.

மூன்றாம் நாள்,
முதல் பக்கத்திலேயே இருந்த வரியைப் படித்தேன்.
வெளிவிலாசம் நூறில் தொடங்கியது.
வெளி என்று நான் நினைத்தது வெளியே இல்லை.
எனக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர்
தாலினில், ஏதோ அலமாரியில்,
இந்தக் கரை முழுவதையும்
ஒரே விலாசத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறது.
மைமு பிரிண்டர் வரைகூட வந்ததில்லை.
பள்ளிக்கூடம், படகுத்துறை,
வேலித் தகராறில் பதினாறு வருடம் பேசாத எண்டெல்,
நான்:
உலகத்துக்கு ஒரே ஆள்.

தனி விலாசம் மாதம் மூன்று யூரோ என்றாள்
நிறுவனத்துப் பெண்.
எதற்கு என்று கேட்டாள்; படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.
தேனீக்களுக்கு, என்றேன்.
“மற்றவை” என்று குறித்துக்கொண்டாள்.

வியாழன், அதிகாலை இரண்டு பத்து.
பதிவேட்டில் ஒரு தட்டல். தார்த்து.
மைமு போனில் பேசவில்லை.
வார்டில் யாரோ சக்கரக் கட்டில் தள்ளும் சத்தம்,
அதற்குப் பின்னால்
என் தேனீக்கள்,
கடல் தாண்டிப் போய்
இரண்டு நொடி தாமதமாக என் காதுக்குத் திரும்பி.

நான்கு நிமிடம் கழித்து இன்னொரு தட்டல்.
எனக்கு யாரையும் தெரியாத ஊர்.
பிறகு வேறொன்று.
கைப்பிடியைத் திருகிப் பார்க்கிறார்கள்.

கடவுச்சொல்லை நீளமாக்கத் தொடங்கினேன்,
அவளைப் போனை வைக்கச் சொல்லாமல்.