துவர்ப்பு

பத்ரிக்கு மூக்கு செத்து நாற்பத்தொரு நாள்.
காய்ச்சல் வந்தது, போனது,
போகும்போது வாசனைகளை மூட்டை கட்டிக்கொண்டு போனது.
சீஸும் ஈரச் சுவரும் எனக்கு ஒண்ணுதான் என்றான் ஒருநாள்.
அதற்குப் பிறகு பேச்சே குறைவு.

அதனால்தான் சந்தைக்குப் போனேன்,
டிபிலிசி ரயிலடிப் பக்கம்,
பனி சேறாய்க் கிடந்த சனிக்கிழமை.
ஆரஞ்சு குன்று குன்றாய். கயிற்றில் காய்ந்த பெர்சிமன்.
நான் தேடியது சீமைமாதுளை.
பெயரில்தான் மாதுளை, பிளந்தால் முத்து கிடையாது.
கோபித்துக்கொண்ட பேரிக்காய்,
மஞ்சள் தோலில் பூனைக்குட்டி ரோமம்,
கல்லுக்குப் பக்கத்து வீடு.

ஒன்றை அறையில் வைத்தால்
மூன்று நாள் அறை முழுக்க அதுவே பேசும்,
செத்த மூக்கையும் எழுப்பும் என்று
ஆஸ்பத்திரிச் சலவையறையில் மக்வாலா சொன்னாள்.
அவள் சொல்வதில் பாதி பொய்.
மீதிப் பாதிக்காகப் போனேன்.

"அடிபட்டதைக் கொடு, விலையைக் குறைச்சு."
"அடிபட்டதுதான் அதிகம் மணக்கும். அதுக்கு விலை கூட."
சண்டை போட்டேன்.
இரண்டு கிலோ. ஒரு காசு இறங்கவில்லை.

வீட்டில் கத்தி பாதிப் பழத்தில் நின்றுவிட்டது.
கத்தியோடு தூக்கிப் பலகையில் மோதினேன்.
கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தட்டினார்.
நானும் தட்டினேன்.

ஓர் அடுப்பில் ஆட்டுக்கறி, வெங்காயம், மல்லி விதையோடு.
இன்னொன்றில் சர்க்கரைப் பாகில்.
முதல் அரைமணி வெறும் வெளுப்பு.
பிறகு, எப்போதோ யாரோ சொன்னது
இப்போதுதான் புரிந்தவள் கன்னம் போல
ஒரு சிவப்பு.
பிறகு செங்கல்.
ஜன்னல்கள் வியர்த்தன.
மாடியேறுகிறவர்கள்
எங்கள் கதவருகே நடையைக் குறைத்தது கேட்டது.
பத்ரி பானைமேல் குனிந்து
ஆவியை மொத்தமாய் உள்ளே இழுத்தான்.
"சூடா இருக்கு" என்றான்.

கறியைத் தின்றான், கடமைக்கு.
பாகைத் தின்றான். "மெத்துன்னு இருக்கு."
நான் பாத்திரம் கழுவினேன். சத்தமாகக் கழுவினேன்.

பலகையில் வேகாத துண்டொன்று மிச்சம்,
ஓரம் கறுத்து, குப்பைக்குப் போகவிருந்தது.
அதை ஏன் வாயில் போட்டான், தெரியாது.
நாக்கை யாரோ துணி பிழிவது போல் முறுக்க
கண் இடுங்கி, உதடு ஒட்டி,
"எத்தேரி" என்றான்.
"துவர்க்குது."

துவர்ப்புக்கு மூக்கு வேண்டாம் போல.
அவன் வாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டது,
அல்லது அது அவன் வாயை.
"இன்னும் இருக்கா?"

எல்லாம் வெந்தாச்சு, மனுஷா!
அந்தத் துவர்ப்பைக் கொல்லத்தானே
இரண்டு மணி நேரம் எரிவாயுவைக் கரைத்தேன்.

அலமாரியில் ஒன்றே ஒன்று,
கம்பளிகளுக்கு நடுவே, வாசத்துக்காக ஒளித்தது.
எடுத்து வந்தேன்.
கத்தியை அவன் கையிலேயே கொடுத்தேன்.
பலகையில் மோதுகிறான்.
கீழே குழாய் தட்டுகிறது.