முதல் கவளம்

ஆரப்பாளையத்தில் ஏறும் கூட்டம்போல
வயிற்றுக்குள் காற்று.
உள்ளே போ, உள்ளே போ என்றாலும்
படியிலேயே நிற்கிறது,
நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில்
ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு.

பத்தொன்பது வருஷம்.
கண்டக்டர் பைக்குள் சில்லறைக்கு அடியில்
ரோஸ் நிற மருந்து பாட்டில்,
மூடி கசிந்து
ஐந்து ரூபாய் காசுகளெல்லாம் பிசுபிசுக்கும்.
மீதி வாங்கிய ஒருவர்
விரலை முகர்ந்து பார்த்துவிட்டு
"புதினாவா?" என்றார்.

அரசரடி மாடியில் ஆயுர்வேத டாக்டர் மைமூன்
நாக்கை நீட்டச் சொன்னார்.
வயிற்றைத் தட்டிப் பார்த்தார்,
தவில்காரர் தோலின் பதம் பார்ப்பதுபோல.
என்ன சாப்பிடுவீங்க என்று கேட்கவில்லை.
எப்படிச் சாப்பிடுவீங்க என்றார்.

நின்றபடி.
கருமாத்தூர் தாண்டி ஒரு வடை,
எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த
அதே விரலால்.
உசிலம்பட்டியில் நாலு வாய் தயிர்ச்சோறு,
ஐந்தாவது வாய்க்கு ஹாரன்.
ராத்திரி பதினொன்றரைக்குக்
குருவிக்காரன் சாலையில் ரெண்டு பரோட்டா,
கேட்காமலே ஊற்றும் சால்னா.
சொல்லச் சொல்ல
வேறு யாரோ ஒருவனின் டிரிப் ஷீட்டை
வாசிப்பதுபோல் இருந்தது.

அஷ்டசூரணம் எழுதினார்.
கீழமாசி வீதியில் பொட்டலம் கட்டியவர்
நான் ஸ்டேஜ் சொல்வதுபோல
மூச்சு விடாமல் சொன்னார்:
சுக்கு மிளகு திப்பிலி ஓமம் இந்துப்பு
சீரகம் கருஞ்சீரகம்.
எட்டாவது ஆள் பேர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.
பெருங்காயம் ஏறிய பிறகு
பையிலிருந்த நூறு ரூபாய்த் தாளெல்லாம்
ரசத்தில் முக்கி எடுத்த மாதிரி.

பொடி பெரிய விஷயமில்லை.
தின்கிற விதம்தான்.
"சூடான சோறு. உருக்கின நெய்.
முதல் கவளத்தில் பிசைஞ்சு. உட்கார்ந்து."
சீட்டின் கடைசியில்
உட்கார்ந்து என்பதற்கு மட்டும்
அடிக்கோடு.
எந்த நாட்டு மருந்துக் கடையிலும்
அது கிடைக்கவில்லை.

உசிலம்பட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒச்சம்மா மெஸ்.
"நெய்யா? உனக்கு ஊத்துனா
ஊரே கையை நீட்டுமேப்பா."
மறுநாள் அடுப்பு விளிம்பில்
பழைய டானிக் பாட்டில் ஒன்று,
உள்ளே மஞ்சளாக உருகிக்கொண்டிருந்தது.

இலையிலிருந்து ஆவி ஏறி
கண்ணாடி மங்கியது.
பார்வையில்லாமல்தான் பிசைந்தேன்.
முதல் கவளம் இறங்கும்போது
"வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்று
யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு
முன்வாசலுக்குப் போவதுபோல் இருந்தது.

டிரைவர் காசிமாயனுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை.
கல்லைத் தின்றாலும் செரிக்கும்.
மூன்றாம் நாள் அவனும் எதிரில் வந்து
உள்ளங்கையை நீட்டினான்.
"எனக்கும் ஒரு சிட்டிகை போடு."
உனக்கு எதுக்குடா?
"உட்காரணும்ல."

டிரிப் ஷீட்டில் தாமதம் ஆறு நிமிஷம்.
காரணம்: ரயில்வே கேட்.
அந்நேரத்துக்குப் போடி ரயில் கிடையாதென்று
டைம் கீப்பர் அலெக்சாண்டருக்குத் தெரியும்.
தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

முழுசாகக் குணம் என்று சொல்லமாட்டேன்.
முகூர்த்த நாளில் கூட்டம் ஏறினால்
வயிறும் கூடவே ஏறுகிறது.
பரோட்டாவை விட்டாயிற்று.
சால்னா மட்டும் இன்னும்
பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

நேற்று மதியம் செக்கானூரணியில்
கோழிக்கூடையோடு ஒரு பெரியவர் கையைக் காட்டினார்.
நிறுத்தினோம்.
அப்போதுதான் வந்தது,
பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து
அடிவயிற்றிலிருந்து கிளம்பி
நெஞ்சைத் திறந்துகொண்டு
ஒரே ஏப்பம்.

காசிமாயன் காதில் அது
"ரைட்" என்று விழுந்திருக்கிறது.
வண்டியை எடுத்துவிட்டான்.

கூடை ஏறியிருந்தது.
பெரியவர்
இன்னும் ஏறவில்லை.